புதுச் சட்டியில் போட்ட உப்பு

எங்கள் கோயிலை நடத்திவந்த உபதேசியார் தேவசகாயம் ஜூன் மாதம் இரண்டாம் செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது மணிக்கு இறந்தார். வாந்திபேதி. முந்தின வெள்ளிக்கிழமை வரை மற்றவர்களுக்குக் கஞ்சித்தண்ணீர் ஊட்டிக்கொண்டிருந்தவர். அவரைக் குளிப்பாட்ட எங்கள் தெருவில் ஒரு குடம் நல்ல தண்ணீர் கிடைக்கவில்லை. கெட்டுப்போன கிணற்றுத் தண்ணீரால்தான் குளிப்பாட்டினோம். காய்ந்ததும் அவர் கையிலும் நெற்றியிலும் உப்பு வெள்ளையாகப் பூத்தது. அவர் மனைவி சுகிர்தம் அதை முந்தானையால் துடைத்தாள். மறுபடியும் பூத்தது.

நான் சொல்லப்போகும் சாட்சியில் தரிசனம் இல்லை, சத்தம் இல்லை. வானம் திறந்தது என்று சொல்ல என்னிடம் ஒன்றும் கிடையாது. ஆனாலும் ஜெபம் கேட்கப்பட்டது. எப்படிக் கேட்கப்பட்டது என்பதை நடந்த வரிசையில் எழுதுகிறேன். எனக்கு அப்படித்தான் எழுத வரும்.

என் பெயர் மாசிலாமணி. அப்போது வயது நாற்பத்தாறு. ஆம்பூருக்கு மேற்கே பாலாற்றங்கரையில் ஒரு சாயபுவின் தோல் பதனிடும் ஷாப்பில் ரைட்டர் வேலை. உப்பிட்டு வந்த தோல் எந்தத் தொட்டியில் எந்த நாள் ஊறப்போட்டது, சுண்ணாம்பில் எத்தனை நாள், ஆவாரம்பட்டைத் தண்ணீரில் எத்தனை நாள், தொட்டியை என்றைக்குக் காலி செய்தது என்று எழுதிவைப்பது என் பொறுப்பு. ஒரு நாள் தவறினால் தொட்டி நிறையத் தோல் கெட்டுவிடும். என் காலத்தில் அப்படி ஒன்றும் கெடவில்லை.

எனக்கு இரண்டு நோட்டுகள் உண்டு. ஒன்று ஷாப் நோட்டு. அது ஷாப்பில் என் மேசையிலேயே இருக்கும். மற்றொன்று வீட்டு நோட்டு. அதில் வேதம் வாசித்த பகுதி, ஜெபக்குறிப்பு, யாருக்குச் சுகமில்லை, மழை உண்டா இல்லையா என்று எழுதுவேன். ஷாப் விஷயம் வீட்டுக்கு வரக்கூடாது, வீட்டு விஷயம் ஷாப்புக்குப் போகக்கூடாது. இருபது வருஷமாக நான் மீறாத ஒழுங்கு இது. இதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

ஷாப்புக்குப் பின்னால் எங்கள் தெரு. முப்பத்தெட்டு வீடுகள், ஓடு போட்ட சிறு வேதக்கோயில், ஒரே ஒரு கிணறு. ஊருக்குள் வேறு கிணறுகள் உண்டு. அவற்றில் எங்கள் குடம் இறங்கக்கூடாது. ஆற்று மணலில் ஊற்று தோண்டி எடுக்கலாம். ஆனால் பயிர்க்காலத்தில் ஊர்க்காரர் நிலத்து வரப்பில் எங்களை நடக்க விடமாட்டார்கள். சுற்றிப் போனால் ஒன்றரை மைல். திடமுள்ளவர்கள் போனார்கள். முடியாதவர்கள் சாலையோரக் குட்டையில் மொண்டு குடித்தார்கள். அந்தக் குட்டையில்தான் மாடு இறங்கும்.

கிணறு பிப்ரவரியில் கரிக்க ஆரம்பித்தது. "மழை கம்மி, அதான்," என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன். உபதேசியார் மட்டும் தினமும் காலையில் ஒரு வாய் குடித்துப் பார்த்து, என் வீட்டு வாசலில் வந்து நின்று, "இன்னைக்கு ஜாஸ்தி, எழுதிக்கோ" என்பார். சில நாள், "பரவால்ல, பல்லு கூசல" என்பார். நான் எழுதுவேன்.

"எதுக்கு இதெல்லாம் எழுதச் சொல்றீங்க?" என்று ஒருமுறை கேட்டேன்.

"ஆண்டவர் கிட்ட கேக்கறப்போ விவரமா கேக்கணும் இல்ல? மொட்டையா கேட்டா அவரு இன்னா பண்ணுவாரு?" என்று சிரித்தார்.

ஏப்ரலில் குட்டைத் தண்ணீர் குடித்த வீடுகளில் பேதி கண்டது. இரண்டு பேர் போனார்கள். மூன்றாவதாக உபதேசியார்.

அவர் போனபின் வேலூரிலிருந்து மாதம் ஒருமுறை வரும் போதகர் என்னைக் கூப்பிட்டார். புது உபதேசியாரை அனுப்ப ஆள் இல்லை, இனி அவர் இடத்தில் நீதான் என்றார். எனக்குப் பாட வராது, பிரசங்கம் வராது, நாலு பேர் முன்னால் நின்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்றேன். "வாசிக்க வருமல்லவா? வேதத்தை வரிசையாக வாசி. மற்றதை ஆண்டவர் பார்த்துக்கொள்வார்" என்று சொல்லிவிட்டு ரயிலேறிப் போனார்.

சுகிர்தம் தன் புருஷனுடைய கறுப்புக் கோட்டை மடித்து எடுத்துவந்து கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை அதைப் போட்டுக்கொண்டு கோயிலுக்குள் நுழைந்தேன். அவர் ஆறடி. நான் எவ்வளவு என்பது என்னைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். முன்வரிசையில் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஆராதனை முடிந்ததும் சுகிர்தம் அருகில் வந்து, "கழட்டிக் குடுத்துடுங்கண்ணே. எனக்கே சிரிப்பு வருது, அப்புறம் அழுகை வருது" என்றாள். கழற்றிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு நான் அதைக் கேட்கவில்லை.

மறுநாள் முதல் ஒரே ஜெபம். காலை ஐந்து மணிக்கும், ஷாப்பிலிருந்து வந்ததும். "கர்த்தாவே, எங்களுக்குத் தண்ணீர் கொடும். தேவசகாயத்தின் தேவனே, நீர் எங்கே?" ஜெபித்த பின் நோட்டில் எழுதுவேன்: "ஜெபித்தேன். பதில் இல்லை." முப்பத்தொரு நாள் இதே வரி. முப்பத்தொரு வரிகளும் ஒரே அளவில், ஒன்றின் கீழ் ஒன்றாக இருக்கின்றன. அவ்வளவு நாளும் ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. எனக்கு விசுவாசமே இல்லையோ என்று பயம் வந்தது. அந்தப் பயத்தை மட்டும் நான் எழுதவில்லை.

போதகர் சொன்னபடி வேதத்தை வரிசையாக வாசித்தேன். உபதேசியார் விட்ட இடத்திலிருந்து தொடங்கினேன். ஜூலை மூன்றாம் ஞாயிறு, எலியா தீர்க்கதரிசி வானத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட அதிகாரம் வந்தது. அவருடைய சால்வையைச் சீடன் எலிசா எடுத்ததும், எலியாவின் தேவன் எங்கே என்று கேட்டுத் தண்ணீரை அடித்ததும், ஆறு பிரிந்ததும் வாசித்தேன். ஜனங்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதே அதிகாரத்தில் தொடர்ந்து, ஒரு பட்டணத்துத் தண்ணீர் கெட்டுப்போயிருந்ததும், எலிசா புதுப்பாத்திரத்தில் உப்புக் கொண்டுவரச் சொல்லி ஊற்றிலே போட்டதும், தண்ணீர் ஆரோக்கியமானதும் வருகிறது. வாசித்து முடித்து உட்கார்ந்துவிட்டேன். விளக்கம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லத் தெரியவில்லை.

மறுநாள் திங்கட்கிழமை ஷாப் மணி அடித்து வீட்டுக்கு வந்தால் வாசலில் கூட்டம். முன்னால் ஜோசப்பு. எங்கள் ஷாப்பில் உப்புத் தோலைக் கழியால் தட்டி உதிர்க்கிற ஆள். கையில் ஒரு புதுச் சட்டி.

"ரைட்டரே, நேத்து நீங்க படிச்சதுதான். சட்டி புதுசு. இன்னும் அடுப்புல ஏறல. உப்பும் ரெடி."

"இது இன்னா உப்பு?"

"நம்ம உப்புதான். தோல்ல தட்டினது. முடியெல்லாம் பொறுக்கிட்டேன், பாருங்க."

பார்த்தேன். பழுப்பு நிறம். ஆட்டு முடி இன்னும் இருந்தது.

"ஜோசப்பு, கெணறே உப்பாதான்யா கெடக்குது. அதுல உப்பப் போட்டா?"

பின்னாலிருந்து ராஜம்மாள் பேசினாள். ஷாப்பில் தோல் கழுவுகிறவள். இடுப்பில் ஒன்பது மாதக் குழந்தை. எங்கள் தெருவில் அவள் பேசினால் ஆண்பிள்ளைகள் வழி விடுவார்கள்.

"எலிசாவுக்கு எந்த ஊரு உப்பு கெடச்சதுன்னு புஸ்தகத்துல போட்டிருக்குதா ரைட்டரே? உப்புன்னா உப்புதான். நீங்க பேசாம போடுங்க. உபதேசியாரா இருந்தா இந்நேரம் போட்டிருப்பாரு."

அந்தக் கடைசி வார்த்தைதான் என்னைத் தள்ளியது. இங்கே ஒளிக்காமல் எழுதுகிறேன். நான் விசுவாசத்தோடு போடவில்லை. ஆகாது என்று தெரிந்தே போட்டேன். மறுத்தால், அந்த மனுஷன் இடத்துக்கு இவன் லாயக்கில்லை என்று ஜனங்கள் சொல்லிவிடுவார்கள் என்கிற வெட்கத்துக்காகப் போட்டேன். தேவனுடைய நாமத்தைச் சொல்லிச் சட்டியைக் கவிழ்த்தேன். கிழவர் ஒருவர் அல்லேலூயா என்றார். ஜோசப்பு கிணற்று விளிம்பைப் பிடித்துக்கொண்டு, ஏதோ கொதிக்கப்போவதைப் பார்ப்பதுபோல் எட்டிப் பார்த்தான்.

மறுநாள் காலை தண்ணீரின் மேல் முடி மிதந்தது. புதன்கிழமை நாற்றம் எடுத்தது. அதுவரை அந்தத் தண்ணீரில் சோறாவது வடித்தார்கள். இப்போது அதற்கும் ஆகவில்லை. குட்டைக்குப் போகிற குடங்கள் அதிகமாயின. ஜோசப்பின் மூத்த பிள்ளைக்குப் பேதி கண்டது. பிழைத்துக்கொண்டது, ஆனால் ஜோசப்பு காத்திருக்கவில்லை. மனைவி பிள்ளைகளோடு கோலார் தங்கவயலுக்குப் புறப்பட்டான். போகுமுன் என்னிடம் சொல்லிக்கொள்ள வந்தான்.

"கோவமில்ல ரைட்டரே. இங்க இருந்தா புள்ளைங்க தங்காது. அங்க சுரங்கத்துல தண்ணி குழாயில வருதாம்." கொஞ்சம் நின்று, "உப்ப நல்லாத்தான் பொறுக்கினேன்" என்றான்.

அவன் என்னைத் திட்டியிருக்கலாம்.

அடுத்த வாரம் வியாழக்கிழமை காலை என் வாசலில் ஜனங்கள் நிற்பதைப் பார்த்து, அவர்கள் முகத்தில் விழிக்க முடியாமல் கொல்லைப்பக்கமாக இறங்கி ஷாப்புக்கு நடந்தேன். மேசையில் உட்கார்ந்தபோதுதான் கையில் வீட்டு நோட்டு இருப்பதைக் கண்டேன். அவசரத்தில் பெட்டியில் வைக்க மறந்திருக்கிறேன். இருபது வருஷத்தில் அதுதான் முதல் தடவை. அதை ஷாப் நோட்டின் பக்கத்தில் வைத்தேன்.

பத்து மணியளவில் ஊறல் தொட்டி ஒன்றைக் காலி செய்தார்கள். நான் ஷாப் நோட்டில் எழுதினேன். எழுதும்போது பக்கத்து நோட்டில் என் கண் விழுந்தது. இரண்டு நாள் முந்தின பதிவு, ஐந்து நாள் முந்தின பதிவு. ஏனோ விரலை வைத்து இரண்டையும் பின்னோக்கிப் புரட்டிக்கொண்டே போனேன். உபதேசியார் உயிரோடிருந்த நாட்களுக்கு வந்தேன். தொட்டி காலியான நாளுக்கு இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, வீட்டு நோட்டில் உபதேசியார் சொன்ன சொல்: "ஜாஸ்தி." தொட்டி காலியாகாத வாரங்களில்: "பரவாயில்லை." பிப்ரவரி வரை போனேன். ஒரு இடத்திலும் தவறவில்லை.

பிறகு ஜனவரிக்குப் போனேன். அங்கே என் கையெழுத்தில் ஒரு வரி இருந்தது: "மேற்குச் சுவரில் தண்ணீர் போக வழி வெட்டியது. முற்றம் உலர்ந்தது. தோல் எண்ணச் சுலபம்."

அந்த யோசனை என்னுடையது. ஊறல் தொட்டிகளின் உப்புத் தண்ணீர் முற்றத்தில் தேங்கிச் சேறாகிறது, எண்ணிக்கை தடுமாறுகிறது என்று சாயபுவிடம் இரண்டு மாதம் சொல்லிச் சொல்லி வெட்டவைத்தது நான். சுவருக்கு வெளியே வேலம்புதர் மண்டிய பள்ளம். தண்ணீர் அதில் இறங்கி மறைந்துவிடும். மறைந்த தண்ணீர் எங்கே போகிறது என்று நான் யோசிக்கவில்லை. பள்ளத்துக்கும் எங்கள் கிணற்றுக்கும் இருநூறு அடி.

அந்த வரியில் விரலை வைத்தபடி வரிசையாக யோசித்தேன். கிணறு கெட்டதால் ஜனங்கள் குட்டைக்குப் போனார்கள். குட்டைக்குப் போனதால் பேதி. பேதிக்காரர்களைப் பார்க்கப் போனதால் தேவசகாயம். தினமும் காலையில் என் வாசலில் நின்று அவர் சொன்ன சொல்லை நான்தான் எழுதினேன். அவர் சாவுக்கு வழி வெட்டியதையும் நான்தான் எழுதினேன். இரண்டு நோட்டும் ஒரு நாள் ஒன்றாக இருந்திருந்தால் மார்ச்சிலேயே தெரிந்திருக்கும்.

அன்றைய ஜெபக்குறிப்பில் முதல் தடவையாக வேறு வரி எழுதினேன்: "பதில் வந்தது." அதற்குக் கீழே எழுத ஒன்றுமில்லை. பதில் வராமலே இருந்திருக்கலாம் என்று நினைத்தேன். அன்றும் மறுநாளும் இரண்டு நோட்டையும் திரும்பத் திரும்பப் புரட்டினேன். யாரிடமும் சொல்லாமல், சுவரை அடைத்துவிட்டால் போதாதா என்றுகூட யோசித்தேன்.

சனிக்கிழமை சாயபு முன் போய் நின்றேன். சென்னைக்குப் போகவேண்டிய தோல் கட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாயபு, மேக்குச் சுவர் வழிய அடைக்கணும்."

நிமிர்ந்தார். "அரே, அத வெட்டணும்னு ரெண்டு மாசம் என்னைப் பேஜார் பண்ணது யாரு? நீதானே?"

"ஆமா சாயபு."

"இப்போ நீயே அடைக்கணும்ன்றே. அடைச்சா அவ்ளோ தண்ணிய நான் இன்னா பண்றது? குடிச்சிடட்டுமா?"

"அதத்தான் சாயபு நாங்க ஆறு மாசமா பண்ணிக்கினு இருக்கோம்."

அவரிடம் அப்படி நான் பேசியதே இல்லை. அவர் கட்டிலிருந்து கையை எடுத்தார். இரண்டு நோட்டையும் அவர் முன் விரித்து விரல் வைத்துக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். அவர் கெட்டவர் அல்ல. அவசரக்காரர்.

"தேவசகாயம் நல்ல மனுஷன்," என்றார். பிறகு, "கெழக்கால ஓடைக்கு வெட்டிக்கோங்க. ஆளுங்கள நான் தரமாட்டேன், கப்பலுக்குப் போற சரக்கு நிக்குது. மணி அடிச்சப்புறம் உங்க ஜனங்களே வெட்டட்டும். நான் குறுக்க வரல" என்றார்.

அன்று மாலை ஓடையோரமாக ஆற்று மணல் வரை நடந்து பார்த்தேன். வழியில் வீடில்லை, கிணறில்லை. ஆற்றுக்குக் கீழே தொலைவில் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. அது இன்றும் என் ஜெபக்குறிப்பில் இருக்கிறது.

ஞாயிறு. கோயிலில் நாற்பத்திரண்டு பேர். வாசிக்கவேண்டிய பகுதியை வாசிக்கவில்லை. நின்றபடியே, வழி வெட்டியதையும், யோசனை என்னுடையது என்பதையும், நோட்டில் கண்டதையும், உப்பை விசுவாசமில்லாமல் போட்டதையும் சொன்னேன். அழவில்லை. வரிசையாகச் சொன்னேன். ஓடைக்கு வாய்க்கால் வெட்ட ஆள் வேண்டும் என்பதையும் சொன்னேன்.

ராஜம்மாள் எழுந்தாள். "அப்போ எங்கள அந்தக் குட்டைக்கு அனுப்பினது நீதான்."

"ஆமா."

"உபதேசியாரு செத்தது உன்னாலதான்."

"ஆமா."

"அவரு எடத்துல வந்து நின்னுக்கினு படிக்கிறியே, உனக்கு எப்படி வாய் வந்தது?"

குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள். ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். கடைசியாகச் சுகிர்தம் மட்டும் உட்கார்ந்திருந்தாள்.

"இத என்னிக்குக் கண்டீங்கண்ணே?"

"வியாழக்கிழமை."

"மூணு நாளு மனசுலயே வச்சிருந்தீங்க."

"ஆமாம்மா."

அவளும் போய்விட்டாள்.

திங்கட்கிழமை மணி அடித்ததும் ஒரு மண்வெட்டியோடு கிழக்குப் பக்கம் போனேன். ஓடை வரை நூற்றெண்பது அடி. முளை அடித்து, கயிறு கட்டி, நேர்கோடு போட்டு வெட்ட ஆரம்பித்தேன். பேனா பிடித்த கை. முதல் நாள் நாலடி. உள்ளங்கை தோல் உரிந்தது. இந்த வேகத்தில் நாற்பத்தைந்து நாள் ஆகும் என்று கணக்குப் போட்டேன். செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி. யாரும் வரவில்லை. வேலை விட்டுப் போகிறவர்கள் என்னைக் கடந்து போனார்கள். ஒருவரும் கேலி செய்யவில்லை. பேசவுமில்லை. எலிசாவுக்கு ஆறு பிரிந்தது. எனக்குச் சரளை மண்கூடப் பிரியவில்லை. ஜெபிக்க வாய் வரவில்லை. வெட்டிய அடிகளை மட்டும் எழுதினேன்.

சனிக்கிழமை மாலை பின்னால் ஒரு குரல்.

"ரைட்டரே, தண்ணி மேட்டுல ஏறுமா?"

ராஜம்மாள். குழந்தையை வேலமர நிழலில் துணி விரித்துப் படுக்கவைத்திருந்தாள்.

"இன்னா?"

"கோடு நேராத்தான் இருக்குது, அழகா இருக்குது. அங்க பாரு, மேடு ஆரம்பிக்குது. இந்த வாய்க்கால்ல தண்ணி திரும்பி ஷாப்புக்குத்தான் வரும். மறுபடியும் எங்க தலையிலயே ஊத்தலாம்னு பாத்தியா?"

திரும்பிப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. ஆறு நாளும் மேட்டை நோக்கி நேர்கோட்டில் வெட்டியிருக்கிறேன். கயிறு கோணாமல் இருக்கிறதா என்று பார்த்த கண், மண் சரிகிறதா என்று பார்க்கவில்லை. மண்வெட்டியை நாட்டிவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அப்போதுதான் அழுகை வந்தது. தேவசகாயம் இறந்து ஏறக்குறைய இரண்டு மாதம் கழித்து.

அவள் என் பக்கத்தில் வந்தாள். பிறகு மண்வெட்டியைப் பிடுங்கினாள்.

"தள்ளு. உன்ன மன்னிச்சிட்டு ஒண்ணும் வரல. என் புள்ளைக்குத் தண்ணி வேணும்."

மேட்டைச் சுற்றி வளைத்து அவள் போட்ட கோடுதான் இன்றைக்கும் இருக்கிற வாய்க்கால். மறுவாரம் அவள் புருஷன் வந்தான். புதன்கிழமை நாலு பேர். அதற்கடுத்த வாரம் சுகிர்தம் மண்கூடையோடு வந்து வரிசையில் நின்றாள். என்னிடம் பேசவில்லை. நான் நீட்டிய கூடையை வாங்கினாள். பத்தொன்பது பேர், பதினொரு மாலைப்பொழுது. ஓடை வரை முடிந்தது. மேற்குச் சுவர் வழியைக் கல்லும் சுண்ணாம்பும் வைத்து நானே அடைத்தேன்.

கிணற்றை இறைத்தோம். நாலு நாள். அடியில் சேறும் முடியும் வந்தன. புது ஊற்று சுரந்தது. ராஜம்மாள் ஒரு வாய் குடித்துத் துப்பினாள். செப்டம்பர் முழுவதும் கரிப்பு. அக்டோபரும் கரிப்பு. வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்தது. நவம்பரும் கரிப்பு. இன்னும் ஆறு வீடுகள் தங்கவயலுக்குப் போயின. மண் குடித்த உப்பு எத்தனை வருஷம் இருக்கும் என்று சொல்வார் யாருமில்லை. நம்பிக்கை இருந்ததா என்று கேட்டால், இல்லை. செய்யவேண்டியது இருந்தது, செய்தேன்.

அந்த மாதங்களில் என்னால் ஆன காரியம் ஒன்றே ஒன்று. ஆற்று ஊற்றுக்குப் போக முறை எழுதினேன். எந்த வீட்டில் திடமுள்ளவர் யார், நடக்கமுடியாதவர் யார், யாருக்கு யார் எந்த நாள் குடம் கொண்டுவருவது என்று ஒரு தாளில் எழுதிக் கோயில் கதவில் ஒட்டினேன். என் பெயரை எல்லா நாளும் போட்டேன். வரப்பில் நடக்க விடும்படி ஊர்க்காரரிடம் போய்க் கேட்டேன். முதல் இரண்டு முறை விரட்டினார்கள். மூன்றாம் முறை, அறுப்புக்குப் பின் நடந்துகொள் என்றார்கள். குட்டைத் தண்ணீர் இனி ஒருவர் வாயிலும் படக்கூடாது என்று எல்லோரும் சேர்ந்து தீர்மானித்தோம். அந்த முறை தொடங்கியபின் எங்கள் தெருவில் பேதியில் ஒருவரும் சாகவில்லை. இதை நான் நிச்சயமாகச் சொல்ல முடியும். தினமும் எழுதியிருக்கிறேன்.

ஜனவரி இரண்டாம் வாரம், வெள்ளிக்கிழமை காலை. கதவு தட்டப்பட்டது. ராஜம்மாள் குடத்தோடு நின்றாள். அவள் இடுப்பில் குழந்தை. அதன் வாயோரம் ஈரம்.

"கெணத்துத் தண்ணி குடுத்தேன். மூஞ்ச சுளிக்குது, ஆனா துப்பல."

"குடிக்குதா?"

"இன்னும் கேக்குது" என்றாள். அவள் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "எழுதிக்கோங்க," என்று சொல்லிவிட்டு வேகமாகத் திரும்பிப் போனாள்.

நான் அந்த இடத்திலேயே முழங்காலில் நின்றேன்.

சகோதரரே, சகோதரிகளே, எலிசா தன் குருவின் ஆவியில் இரட்டிப்புப் பங்கு கேட்டார், பெற்றார். நான் கேட்டதில் பாதியும் எனக்கு வரவில்லை. இன்றும் பாட வராது. கோயிலில் இப்போது முப்பது பேருக்குமேல் வருவதில்லை. போனவர்கள் திரும்பவில்லை. தேவசகாயத்தின் இடம் காலியாகத்தான் இருக்கிறது. அதில் நான் உட்காரவில்லை, அதன் பக்கத்தில் நின்றுகொண்டு ஜனங்களுக்கு வாசிக்கிறேன். சுகிர்தம் என்னோடு பேச ஆரம்பித்து இரண்டு வருஷம் ஆகிறது. அவள் மன்னித்தாளா என்று நான் கேட்கவில்லை. கேட்க எனக்கு உரிமையில்லை.

ஆனால் ஒன்று அறிவேன். முப்பத்தொரு நாள் நான் கேட்டபோது ஆண்டவர் கேட்டுக்கொண்டிருந்தார். தண்ணீர் கொடும் என்றேன். தண்ணீரைக் கெடுத்தவனை முதலில் காட்டினார். அதைத் தாங்கமுடியாமல் செத்துப்போவேன் என்று நினைத்தேன். சாகவில்லை. என்னை ஏசின வாயாலேயே எனக்கு வழி காட்டினார். இதைவிட லேசான வழியில் அவர் பதில் சொல்லியிருக்கலாமே என்று சில நாள் தோன்றும். அந்தக் கேள்வியையும் அவரிடமே வைக்கிறேன்.

உங்களில் யாராவது வெகுநாளாகக் கேட்டு, பதிலில்லை என்று ஓய்ந்திருந்தால், இன்னும் ஒரு நாள் கேளுங்கள். வருகிற பதில் உங்களுக்குப் பிடிக்காததாக இருந்தாலும் அதை மூன்று நாள் ஒளித்துவைக்காதீர்கள். உடனே எழுந்து, யாருக்குத் தீங்கு செய்தீர்களோ அவர்கள் முன்னால் போய் நில்லுங்கள். அவர்கள் எழுந்து போய்விட்டாலும் மண்வெட்டியை எடுங்கள். மேட்டை நோக்கி வெட்டினாலும் பரவாயில்லை. சரியான பள்ளம் தெரிந்த ஒருவரை அவர் அனுப்புவார்.

ஆம்பூர்ப் பக்கம் வந்தால் எங்கள் தெருவுக்கு வாருங்கள். யார் கேட்டாலும் ஒரு செம்பு மொண்டு கொடுப்போம், இன்னார் இனியார் என்று பார்ப்பதில்லை. முழுக்க இனிக்கும் என்று சொல்லமாட்டேன். முதல் வாய் கொஞ்சம் கரிக்கும். பயப்படாமல் குடியுங்கள். எங்கள் பிள்ளைகள் அதைத்தான் குடித்து வளர்கிறார்கள்.